நீர்வண்ணமா, கோட்டோவியமா, பிரதியா? வீட்டுச் சுவருக்குப் படம் வாங்குமுன்

எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு நான்கு சுவர்க் கடிகாரங்கள் பரிசாக வந்தன. ஐந்தாவதாக வந்ததுதான் விசேஷம்: நண்பர் ஒருவர் தந்த நீர்வண்ண ஓவியம். பழைய காரை மதில், அதன்மேல் கொட்டிக் கிடக்கும் காகிதப்பூ, கீழே சாத்தி வைத்த ஒரு சைக்கிள். ஹாலில் எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று, மேற்குச் சன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரில் மாட்டினோம். மாலை நான்கு மணி வெயில் அதன்மேல் விழும்போது படமே விளக்கேற்றியது போல இருக்கும். மூன்று ஆண்டுகள் அதைப் பார்த்துப் பூரித்தோம்.

பிறகு கண்ணாடி விரிசல் விட்டதால் பிரேமைப் பிரித்தேன். படத்தைச் சுற்றி வைக்கிற அட்டையை, அதாவது மவுண்டை, எடுத்தவுடன் கை அப்படியே நின்றுவிட்டது. அட்டையின் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த அரை விரல் அகலத்துக்குப் பூக்கள் பளீரென்ற ரோஸ் நிறத்தில் இருந்தன. அதற்கு உள்ளே, வெளிச்சம் பட்ட இடமெல்லாம், பழைய சாம்பல். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற எல்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் படம் வெளுத்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

அதிலிருந்து, புது வீடு கட்டும் உறவினர்களும் நண்பர்களும் "என்ன படம் வாங்கலாம்?" என்று என்னைக் கேட்கிறார்கள். ஓவியம் தெரிந்தவன் என்பதால் அல்ல, ஒருமுறை தோற்றவன் என்பதால். பெரும்பாலும் அவர்கள் தடுமாறுவது நான்கு வழிகளுக்கு நடுவில்: ஓவியர் கையால் தீட்டிய நீர்வண்ணம், பேனாவோ பென்சிலோ கரியோ கொண்டு வரைந்த கோட்டோவியம், நல்ல தாளில் அச்சிட்ட பிரதி, நாமே சொல்லி வரையவைப்பது. எண்ணெய் ஓவியமும் தஞ்சாவூர் ஓவியமும் தனிக் கதை. இங்கே தாளில் இருப்பவற்றை மட்டும் பார்ப்போம்.

## படத்துக்கு முன் சுவரைப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்து, காலை ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என்று மூன்று வேளை அந்தச் சுவரைப் பாருங்கள். வெயில் நேராக விழுகிறதா, தரையில் பட்டுத் தெறித்து வருகிறதா, வருவதே இல்லையா? இதுதான் முதல் அளவுகோல். அருங்காட்சியகங்களில் தாளில் தீட்டிய ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே வழக்கம் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). நேர் வெயில் என்பது பல பத்தாயிரம் லக்ஸ். அந்த 50 லக்ஸிலும் சில மாதங்கள் காட்சிக்கு வைத்துவிட்டு, இருட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது.

இரண்டாவது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கடலோரச் சென்னையில் நவம்பர் மாதம் 80 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். அதனால் ஊரை மாற்ற முடியாது, சுவரைத்தான் மாற்ற முடியும். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்புறம், குளியலறையை ஒட்டிய சுவர், மொட்டை மாடியிலிருந்து நீர் இறங்கி ஒருமுறையாவது உப்புப் பூத்த சுவர் ஆகிய மூன்றையும் விலக்கிவிடுங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள உட்சுவர்தான் தாளுக்கு நல்ல இடம்.

மூன்றாவது, எத்தனை அடி தள்ளி நின்று பார்ப்போம் என்பது. சோபாவில் உட்கார்ந்து பன்னிரண்டு அடி தள்ளிப் பார்க்கும் சுவருக்கும், தினமும் தோளுரசிப் போகும் நடைக்கும் ஒரே படம் பொருந்தாது.

நான்காவது செலவு. படத்தின் விலை மட்டும் செலவல்ல. பிரேம், மவுண்ட், கண்ணாடி, மாட்டும் கூலி, பத்து ஆண்டுகளில் ஒருமுறை பிரித்துப் பூட்டும் வேலை எல்லாம் சேர்ந்ததே செலவு. ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் கால் ஷீட் (11க்கு 15 அங்குலம்) நீர்வண்ணம் ஒன்றை 3,000 ரூபாய்க்கு வாங்கினேன்; ஒழுங்காகப் பிரேம் போட 2,400 ரூபாய் ஆனது. இது விதிவிலக்கு அல்ல. கையில் இருக்கும் பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பிரேமுக்கு என்று முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுவது என் பழக்கமாகிவிட்டது.

கடைசியாக, சுவர் யாருடையது? வாடகை வீட்டில் டிரில் போட உரிமையாளர் விடமாட்டார். ஒட்டும் கொக்கிகள் சுண்ணாம்பு அடித்த சுவரில் பெயிண்டோடு சேர்ந்து பெயர்ந்து விழும். கண்ணாடி போட்ட பிரேமை அதை நம்பி மாட்டாதீர்கள்.

## அசல் நீர்வண்ணம்

அழகில் இதற்கு இணை இல்லை என்பது என் கட்சி. ஆனால் அதன் அழகும் அதன் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நிறமிப் பொடியைக் கருவேலப் பிசின் வகையைச் சேர்ந்த கம் அராபிக்கில் குழைத்து, நீரில் கரைத்து, மெல்லிய படலமாகத் தாளில் பரப்புகிறார்கள். வெள்ளை நிறம் தனியாகப் பூசுவதில்லை. வெளிச்சம் படலத்தின் ஊடே போய், தாளின் வெண்மையில் பட்டுத் திரும்பி வருகிறது. மழை நாள் வானமும், குளத்து நீரும், சுவரில் விழும் இலை நிழலும் நீர்வண்ணத்தில் உயிரோடு இருப்பது இதனால்தான். படலம் மெல்லியது என்பதால் நிறமி போனால் அடியில் மிச்சம் எதுவும் இல்லை. தாள் பழுப்பேறினாலோ படத்தில் உள்ள வெளிச்சமெல்லாம் ஒரே நேரத்தில் மங்கிவிடும்.

ஆகவே வாங்கும்போது ஓவியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, தாள் என்ன? முழுப் பருத்தியில் செய்த, அமிலமற்ற, 300 ஜிஎஸ்எம் தாள், அதாவது ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள கனமான தாள், என்றால் நிம்மதி. மரக்கூழில் செய்த சாதாரண டிராயிங் தாள் சில ஆண்டுகளில் பழைய செய்தித்தாளின் நிறத்துக்கு வந்துவிடும். இரண்டாவது, வண்ணம் என்ன? நல்ல டியூப்களில் ஒளி தாங்கும் தன்மையை எண்ணாகவோ நட்சத்திரமாகவோ அச்சிட்டிருப்பார்கள். காவிமண் நிறங்கள், அல்ட்ராமரின் நீலம் போன்றவை பிடிவாதமாக நிற்பவை. அலிசரின் கிரிம்சன் என்ற பழைய சிவப்பும், கண்ணைப் பறிக்கும் நியான் ரோஸ் வகைகளும் சீக்கிரம் ஓடிப்போகிறவை. என் காகிதப்பூவுக்கு நேர்ந்தது இதுதான். மதிலின் காவியும் சைக்கிளின் நீலமும் இன்றும் அப்படியே இருக்கின்றன, பூ மட்டும் இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டால் நல்ல ஓவியர் கோபப்படமாட்டார். மகிழ்ச்சியோடு டியூப்பையே எடுத்துக் காட்டுவார்.

மறைந்திருக்கும் செலவு, சுழற்சி. நீர்வண்ணத்தை ஆண்டு முழுவதும் ஒரே சுவரில் விட்டுவைக்காமல் சில மாதங்கள் மாட்டி, சில மாதங்கள் பெட்டியில் வைப்பது நல்லது. கொலு பொம்மைகளை ஆண்டுக்கு ஒருமுறை பரணிலிருந்து இறக்கிப் பழகிய வீடுகளுக்கு இது புதிய விஷயமே அல்ல. இரண்டு சிறிய படங்களை வாங்கி மாற்றி மாற்றி மாட்டுவது, ஒரு பெரிய படத்தைத் தீயில் வாட்டுவதைவிடப் புத்திசாலித்தனம். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் போதும் என்பார்கள். அது உதவும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நிறத்தைத் தின்னும். அந்தக் கண்ணாடிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு நேர் வெயிலில் மாட்டுவது, குடை பிடித்துக்கொண்டு குளத்தில் குதிப்பதற்குச் சமம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர்வண்ணத் தாளின் முழு ஷீட் 22க்கு 30 அங்குலம். கால் ஷீட் 11க்கு 15. சிறியதாகத் தோன்றும். நான்கு பக்கமும் மூன்று அங்குல மவுண்ட் விட்டால் 17க்கு 21 ஆகிறது, ஓர் அங்குலப் பட்டைப் பிரேம் சேர்ந்தால் 19க்கு 23. மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு மேலே இரண்டு கால் ஷீட் படங்கள் தாராளமாகச் சுவரை நிரப்பிவிடும். பெரிய படம் வேண்டும் என்று அவசரப்பட வேண்டியதில்லை.

எங்கே வாங்குவது? சென்னையில் இருப்பவர்களுக்கு வழி நிறைய உண்டு. 1850-இல் ஓவியப் பள்ளியாகத் தொடங்கி, இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் இடத்தில் மாணவர் கண்காட்சிகள் நடக்கும்போது போய்ப் பாருங்கள். கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலும், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியிலும் படங்களை நேரில் பார்க்கலாம். இணையத்தில் பார்த்துப் பிடித்திருந்தாலும், முடிந்தவரை நேரில் ஒருமுறை பாருங்கள். கைப்பேசித் திரை நீர்வண்ணத்தை எப்போதும் இருப்பதைவிடப் பளிச்சென்று காட்டும்.

## கோட்டோவியம்

கோட்டோவியத்தைத் தமிழ் வீடுகளுக்கு அறிமுகப்படுத்தியவை காட்சிக்கூடங்கள் அல்ல, வாரப் பத்திரிகைகள். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களை வெட்டி எடுத்து அட்டையில் ஒட்டி வைத்த தாத்தாக்கள் எத்தனையோ பேர். 1969-இல் வந்த காந்தி நூற்றாண்டை ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்திகளைப் பார்த்தவர்களுக்கு, கறுப்பு மையின் சில இழுப்புகளில் ஒரு மனிதரின் நடையே வந்துவிடும் என்பது தெரியும். இருந்தும், வீட்டுக்குப் படம் வாங்கப் போகும்போது "கலரில் ஒன்றும் இல்லையா?" என்றுதான் கேட்கிறோம்.

தாங்கும் திறனில் கோட்டோவியம் நீர்வண்ணத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பென்சிலின் கிராஃபைட்டும், இந்தியன் இங்க்கின் கரியும், சார்க்கோலும் அடிப்படையில் கார்பன். வெயிலுக்கு அவை வெளுப்பதில்லை. வெளிச்சம் அதிகமுள்ள அறையிலும் தைரியமாக மாட்டலாம், தாள் மட்டும் நல்லதாக இருக்கவேண்டும். இதில் ஒரே பொறி, பால்பாயின்ட் பேனாவும் ஸ்கெட்ச் பேனாவும். அவற்றின் மை சாயம், கரி அல்ல. வெளுத்துவிடும். "எந்தப் பேனாவில் வரைந்தீர்கள்?" என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கரி ஓவியத்துக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். தாளின்மேல் பொடியாக ஒட்டிக்கொண்டிருப்பது அது. பொடியைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் திரவத்தைத் தெளித்திருந்தாலும் தேய்த்தால் கலையும். இதற்குக் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு) போடவே கூடாது. துடைக்கும்போது அக்ரிலிக்கில் ஏறும் நிலைமின்சாரம் கரிப்பொடியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடிதான் சரி, அதுவும் படத்தைத் தொடாதபடி.

தூரம்தான் கோட்டோவியத்தின் பலவீனம். ஒரு பேனாக்கோடு தடிப்பதையும் மெலிவதையும் பார்க்க மூன்றடிக்குள் வரவேண்டும். ஹாலின் பெரிய சுவரில் தனியாக மாட்டினால் நோட்டீஸ் ஒட்டியது போல இருக்கும். நான்கைந்தைச் சேர்த்து மாட்டலாம் என்றால், பிரேம் செலவும் நான்கைந்து மடங்கு. படிக்கட்டுச் சுவர், படிக்கும் மேசை, படுக்கையறை வாசலை ஒட்டிய நடை ஆகியவை அதன் இடங்கள். எங்கள் நடையில் ஒரு கோபுரம் தொங்குகிறது, பேனா ஓவியம். அதைக் கடக்கும்போதெல்லாம் என் மனைவி ஒரு நொடி நின்று எதையாவது புதிதாகக் கண்டுபிடிப்பார். மூன்றாம் நிலையில் ஒரு புறா இருக்கிறது என்பதை ஓராண்டு கழித்துத்தான் சொன்னார்.

அந்தக் கோபுரத்துக்கும் ஒரு விபத்து நேர்ந்தது. முதலில் பிரேம் போட்ட கடையில் படத்தின் முதுகு முழுக்க மாவுப்பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிட்டார்கள். "அப்போதுதான் சார் சுருங்காது" என்றார் கடைக்காரர். அடுத்த மழைக்காலத்தில் இராமபாணப் பூச்சி வந்தது. அது ஓவியத்தைத் தேடி வருவதில்லை, பசையையும் தாளின் மாவுச்சத்தையும் தேடி வருகிறது. கோபுரத்தின் இடது ஓரத்தில் ஆறு மாதத்தில் மேய்ந்த தடம் இன்றும் இருக்கிறது. மூன்று நிலைகளுக்கு யாளிகள் இல்லை.

## அச்சுப் பிரதி

பிரதியை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் நம் கூடங்களுக்கு வந்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவின் தெய்வங்கள் காலண்டர் வழியே வந்து பூஜையறையில் நிலைத்துவிட்டன. நம் பாட்டி வீடுகளின் சுவர்களை அலங்கரித்தவை பெரும்பாலும் பிரதிகளே.

கேள்வி, எந்தப் பிரதி என்பது. நிறமி மையில், பருத்தித் தாளில் இன்க்ஜெட்டில் அச்சிட்ட பிரதி பல ஆண்டுகள் நிற்கும். சாய மையில் போட்டோ தாளில் அடித்தது அத்தனை நிற்காது. சாதாரண போஸ்டர் வெயிலில் முதலில் மஞ்சளையும் சிவப்பையும் இழந்து நீலம் பாரித்துவிடும், சலூன் கடைச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். கடையில் கேட்கவேண்டியது ஒன்றே: "நிறமி மையா, சாய மையா?" பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

பிரதியை அசல் என்று விற்பதும் நடக்கிறது. கான்வாஸில் அச்சிட்டு, மேலே தெளிவான ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிட்டு "கையால் தீட்டியது" என்பார்கள். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சு என்றால் ஒழுங்கான புள்ளிகளோ ஒரே மாதிரியான தூவலோ தெரியும். அசல் நீர்வண்ணத்தில் நிறமி தாளின் குழிகளில் தேங்கி நிற்கும். அடியில் பென்சில் கோடு இருந்தால், படத்தை வெளிச்சத்தில் சாய்க்கும்போது அது ஈயம் போல மின்னும். அச்சிட்ட பென்சில் கோடு மின்னாது.

செலவைக் குறைக்க நேர்மையான வழி ஒன்றுண்டு. ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-இல் தென்னிந்தியாவில் சுற்றி வரைந்தவற்றை அக்வாடின்ட் முறையில் (தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி வெளியிட்டார்கள். மாமல்லபுரமும் தஞ்சாவூரும் மதுரையும் அவற்றில் உண்டு. இருவரும் 1840-க்குள் இறந்துவிட்டதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை. இப்படிப்பட்ட பழைய படங்களை இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ள வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் பல அனுமதிக்கின்றன. ஏ3 அளவில் தெளிவாக வரக் கோப்பு குறைந்தது 3,500க்கு 4,960 பிக்சல் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் ஏ4 போதும் என்று திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையைச் சொல்லாமல் போனால் குறை. எட்சிங் (தகட்டை அமிலத்தால் அரித்து எடுப்பது), மரக்கட்டை அச்சு, லித்தோகிராஃப் (கல்லில் வரைந்து எடுப்பது) ஆகியவை அச்சுதான், ஆனால் பிரதி அல்ல. ஓவியரே தகட்டிலோ கட்டையிலோ கல்லிலோ படத்தை உருவாக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, பென்சிலால் 12/50 என்று எண்ணிட்டுக் கையெழுத்திடுவார். ஐம்பதில் பன்னிரண்டாவது என்று பொருள். ஒரே படத்தில் பல படிகள் இருப்பதால், அதே ஓவியரின் தீட்டிய படத்தைவிட விலை குறைவாக இருக்கும். நல்ல ஓவியர் ஒருவரின் கைப்பட வேண்டும், ஆனால் பணம் கொஞ்சம்தான் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏனோ யாரும் கேட்பதில்லை.

## சொல்லி வரையவைப்பது

இடித்துவிட்ட பூர்வீக வீடு, ஊர்க் குளத்தங்கரை, பாட்டியின் திண்ணை. இவற்றுக்கு வேறு வழியே இல்லை, வரையவைக்கத்தான் வேண்டும். முன்பணம், காத்திருப்பு, இரண்டு முறை திருத்தம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆள் முகம் கேட்டால் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். வீட்டைக் கேட்டால் ஏமாற்றம் குறைவு. மங்கலான ஒரே புகைப்படத்தைக் கொடுத்துவிட்டு "தூண் இப்படி இல்லையே" என்று குறைசொல்வது நியாயமில்லை. எத்தனை தூண், கதவு எந்தப் பக்கம் திறக்கும், முற்றத்தில் என்ன மரம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொடுங்கள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பட்டியல் போட உட்கார்ந்ததே ஒரு மாலைப்பொழுதுச் சண்டையாகிவிட்டது. முற்றத்தில் இருந்தது பவழமல்லியா நந்தியாவட்டையா என்பதில் இரண்டு அத்தைகளுக்கு இன்னும் சமரசமில்லை.

சட்டம் பற்றிய ஒரு நுணுக்கம். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, கண்காட்சியில் ஒரு படத்தை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது படம் மட்டுமே. அதை அழைப்பிதழில் அச்சிட ஓவியரின் அனுமதி வேண்டும். ஆனால் பணம் கொடுத்து நீங்கள் சொல்லி வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்புரிமையின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். பூர்வீக வீட்டுப் படத்தை எல்லாச் சகோதரர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தர நினைப்பவர்களுக்கு இது பயன்படும்.

## ஒரே பார்வையில்

| | நீர்வண்ணம் | கோட்டோவியம் | அச்சுப் பிரதி | சொல்லி வரைவது |
|---|---|---|---|---|
| வெளிச்சம் | நேர் வெயில் ஆகாது | கார்பன் மை என்றால் கவலையில்லை | நிறமி மை நிற்கும், போஸ்டர் வெளுக்கும் | எதில் வரைகிறார் என்பதைப் பொறுத்தது |
| ஈரம் | மிகக் கவனம் | கவனம் | போனால் இன்னொன்று எடுக்கலாம் | போனால் திரும்பாது |
| தூரம் | ஐந்தாறு அடி | மூன்றடிக்குள் | எந்த அளவிலும் எடுக்கலாம் | முன்பே சொல்லிவிடலாம் |
| மறைந்த செலவு | மாற்றி மாட்டும் சிரமம் | பல பிரேம்கள் | தரம் தெரியாமல் ஏமாறுவது | காலமும் திருத்தமும் |

## பிரேம் கடையில் நிற்கும்போது

எதை வாங்கினாலும் வந்து சேரும் இடம் இதுதான். பல கடைகளில் சாமி படத்துக்குப் போடுவது போலவே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவார்கள்: படத்தின்மேல் நேராகக் கண்ணாடி, பின்னால் ஹார்டுபோர்டு, சுற்றிலும் செல்லோ டேப். கண்ணாடியில் ஒட்டிய நீர்வண்ணத்தை ஈரம் பிடித்தபின் பிரிக்க முடியாது, நிறம் கண்ணாடியோடு வந்துவிடும். மவுண்ட் என்பது அழகுக்கு மட்டுமல்ல. கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே காற்று நிற்க இடம் விடுவது அதன் வேலை. அமிலமற்ற மவுண்ட் போர்டு கேளுங்கள். சாதா அட்டை சில ஆண்டுகளில் வெட்டு விளிம்பில் பழுப்பாகி, அந்தப் பழுப்பைப் படத்துக்கும் ஏற்றிவிடும்.

படத்தை எங்கும் முழுதாக ஒட்டக்கூடாது. மேல்விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும், மெல்லிய தாள் துண்டைக் கீல் போல வைத்துத் தொங்கவிடவேண்டும். மழைக்காலத்தில் தாள் விரியும், கோடையில் சுருங்கும். நான்கு பக்கமும் இறுக்கினால் நடுவில் அலையடிக்கும். கடைக்காரர் "அதெல்லாம் நிற்காது சார்" என்பார். நிற்கும். பக்கத்தில் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே வேலை முடியும்வரை நில்லுங்கள். நான் நிற்காமல் வந்ததன் விளைவுதான் யாளி இல்லாத கோபுரம்.

மாட்டும்போது பிரேமின் கீழ் முனைகள் இரண்டிலும் சிறிய ரப்பர் குமிழ்களை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். பல்லிக்கும் அந்த இடம் பிடிக்கும் என்பது உண்மை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது படங்களை இறக்கித் துடைத்தால் போதும். உயரம்? படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 57 அங்குலத்தில் இருக்கட்டும். மாலை போட்ட முன்னோர் படங்களை நிலைக்கதவுக்கு மேலே மாட்டிப் பழகிய நாம், எல்லாப் படத்தையும் அங்கேயே ஏற்றிவிடுகிறோம். மேலே மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய வீடுகளில் செய்தது போல மேல்விளிம்பை முன்னால் சாய்த்து மாட்டுங்கள். டியூப்லைட் கண்ணாடியில் தெரிவதும் குறையும்.

## யாருக்கு எது

சென்ற மாதம் மடிப்பாக்கத்தில் புதுக் குடித்தனம் போன என் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, பத்தாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன். ஹாலுக்குப் பெரிய நீர்வண்ணம் ஒன்று வாங்கிவிடவா?" வாடகை வீடு. ஹாலில் உரிமையாளர் அடித்துவைத்த ஆணிகள் இரண்டே. பால்கனிக் கதவு வழியாக மாலை வெயில். கையில் இரண்டு வயதுக் குழந்தை.

வேண்டாம் என்றேன். அந்த ஆணிகளில் ஒன்றுக்கு டேனியல் பிரதி ஒன்று, நிறமி மையில், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டு. குழந்தை பந்தை எறிந்தாலும் உடையாது, வெளுத்தாலும் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். உட்சுவரில் இருக்கும் மற்ற ஆணிக்குக் கல்லூரி மாணவர் வரைந்த கால் ஷீட் நீர்வண்ணம். மிச்சமிருந்தால் புத்தக அலமாரியில் சாத்தி வைக்க ஒரு சிறிய பேனா ஓவியம். அதற்கு ஆணியே வேண்டாம். மூன்றும் பிரேமோடு சேர்ந்து பத்தாயிரத்துக்குள் முடிந்தது.

சொந்த வீடு, நல்ல உட்சுவர், பத்தாண்டுக்கு இடம் மாறப்போவதில்லை என்பவர்கள் அசல் நீர்வண்ணத்துக்குத் தயங்க வேண்டாம். வெயில் கொட்டும் அறை என்றால் கறுப்பு மைக் கோட்டோவியம். கடலிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கிற, சன்னலைத் திறந்தே வைக்கிற வீட்டில் விலை உயர்ந்த எதையும் தாளில் வாங்காமல், பிரதியோடு நிறுத்திக்கொள்வேன். சமையலறைக்கு எதுவும் வேண்டாம், தாளிப்புப் புகையை எந்தக் கண்ணாடியும் தடுக்காது. முதலீடாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தினமும் பார்க்கப்போகிற படத்தை அப்படி நான் யோசித்ததில்லை.

காகிதப்பூவை நான் தூக்கிப்போடவில்லை. மவுண்டின் நடுத்திறப்பைச் சற்று அகலமாக வெட்டச் சொல்லி, வெளுக்காத அந்த அரை விரல் பட்டையும் வெளியே தெரியும்படி மறுபடி பிரேம் போட்டு, நடையில் கோபுரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மேற்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் இப்போது அந்த நான்கு கடிகாரங்களில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.